பேர் சொல்லாத நீலாம்பரி

மறையூர்
12-6-1977

அன்புள்ள பழனாத்தாளுக்கு,

பிலோமி எழுதுவது. நான் சுகம். பாலக்காட்டில் இசைக் கல்லூரி முடிந்து பஸ் ஏறியபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாய். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்றால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, ஆறிய பிறகு படி.

இருவரும் சேர்ந்து இங்கே ஒரு தொழில் தொடங்கலாம் என்று நான் சொன்னதற்கு, மலையில் மாட்டுக்கா பாடிக் காட்டுவது என்று கேட்டாய். கேள்வியில் ஞாயம் இருக்கத்தான் செய்கிறது. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை கேட்டேன். பயிற்சிச் சான்று எங்கே என்றார்கள். எங்கள் மாதா கோயிலில் கேட்டேன், ஆர்மோனியத்துக்கு உபதேசியார் இருக்கிறார், அவருக்குப் பிறகு அவர் மகன் இருக்கிறான். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலிலேயே வகுப்பு வைத்துப் பார்த்தேன். பகல் முழுதும் கொழுந்து கிள்ளிவிட்டு வந்த பெண்கள் சரளி வரிசை பாதியிலேயே ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். என் குரலில் தாலாட்டுக் குணம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் சகாயம் மைக் செட் வாடகைக்கு விடுகிறான் அல்லவா? நம் பிரிவு விழாவுக்கு டேப் ரெக்கார்டரைத் தூக்கிவந்து, நீ பாடிய நீலாம்பரி ஆலாபனையைக் கேசட்டில் பிடித்தவனும் அவன்தான். போன வாரம் மேல் லயத்தில் கருத்தப்பாண்டித் தாத்தா இறந்துபோனார். அவர் வீட்டு மருமகள் எங்களைப் போல வேதக்காரி. ஒலிபெருக்கிக் குழாய் கட்டியதும் சண்டை. சிவன் பாட்டுப் போட்டால் மருமகள் வீட்டார் முறைத்தார்கள். மாதா பாட்டுப் போட்டால் மகன் முறைத்தான். சினிமா இசைத்தட்டைப் போட்டிருந்தால் இரண்டு பக்கமும் ஒற்றுமையாகி அண்ணனை அடித்திருக்கும். நான் உன் கேசட்டைப் போட்டேன். அதில் எந்தச் சாமியின் பேரும் இல்லை, சொல்லே இல்லை, குரல் மட்டும்தானே.

பழனா, சரிவு முழுதும் அடங்கிவிட்டது. எதிர் மலையில் விறகு வெட்டிய சத்தம்கூட நின்றது. அதுவரை அழாத மகன் அழுதான்.

அதற்குப் பிறகு வேறு வீட்டுக்காரர்களும் அதையே கேட்டு வந்துவிட்டார்கள். நீயும் வா. துக்கத்துக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, சடங்குக்கு ஒன்று என்று பாடிப் பதிந்து வைப்போம். வருவதில் பாதிப் பாதி.

அன்புடன்,
பிலோமி


கொல்லங்கோடு
3-7-1977

பிலோமிக்கு,

‘அன்புள்ள’ போடவில்லை, கவனித்தாயா?

நீலாம்பரி பிள்ளையைத் தூங்கவைக்கிற ராகம். அதைப் பிணத்துக்குப் போட்டிருக்கிறாய். உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன் என்று வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

என் நிலைமையைச் சொல்கிறேன். வானொலியில் குரல் தேர்வுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அதில் தேறிவிட்டால் ‘வானொலிக் கலைஞர்’ என்று போர்டு எழுதி, கடைவீதியில் வகுப்புத் தொடங்கலாம். கோயில் கச்சேரிக்கும் கல்யாணக் கச்சேரிக்கும் கூப்பிடுவார்கள். தேறாவிட்டால் என்ன என்பதையும் என்னைப் பெற்ற ஐயன் சொல்லிவிட்டார். “ரேடியோவுல எடுத்துக்கிட்டா பாடு அம்மிணி, நான் ஒண்ணுஞ் சொல்லுல. இல்லீன்னா மாமன் மில்லுல போயி நெல்லு மூட்டைக்குச் சீட்டெழுது. பாட்டுன்னு சொல்லிக்கிட்டு ஊட்டுல குக்கிக்கிட்டிருக்கப்படாது.” கோபத்தில் சொல்லவில்லை. வெற்றிலை மென்றுகொண்டே சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் பயமாக இருக்கிறது.

சாவு வீட்டில் பாடுகிறவள் என்று ஒருமுறை பேர் வந்துவிட்டால் எந்தக் கல்யாண வீட்டில் என்னை மேடை ஏற்றுவார்கள்? முகூர்த்தத்துக்கு யாராவது சங்கு ஊதுவார்களா? நடுவில் தமிழ்நாட்டு எல்லை வருகிறது, இங்கே தெரியாது என்று நினைக்காதே. கோபாலபுரம் சோதனைச் சாவடியில் நெல்லைத்தான் தடுக்கிறார்கள், பேச்சைத் தடுப்பதில்லை.

கேசட்டைத் திருப்பி அனுப்பு என்றுதான் எழுத வந்தேன். உனக்கும் வேறு வழியில்லை என்று புரிகிறது. போட்டுக்கொள். ஆனால் பாடுவது யார் என்று யாரிடமும் சொல்லாதே. எவ்வளவு கேட்டாலும் என் பேர் உன் வாயில் வரக் கூடாது. சத்தியம் செய்து எழுது.

பழனாத்தாள்


மறையூர்
18-9-1977

அன்புள்ள பழனாவுக்கு,

சத்தியம் செய்தது போலவே உன் பேரைச் சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு விபரீதம் ஆகிவிட்டது. சிரிப்பாயா, திட்டுவாயா தெரியவில்லை.

இங்கே லயத்தில் ஒரு வழக்கம். ஒருவர் இறந்தால், பதினாறாம் நாள் முடிகிறவரை அவர் பேரை வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். ‘போனவுக’ என்பார்கள், ‘அந்த ஆளு’ என்பார்கள். பேரைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பார்களாம். வேதக்காரர்களிடமும் இந்த வழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. பாடுவது யார் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சொல்லக் கூடாது என்றேன். பக்கத்து வீட்டு மாரித்தாய் அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “ஏ பிலோமி, உசுரோட இருக்கவ பேர யாராச்சும் மறைப்பாகளா? பாவம், சின்னப் பிள்ள குரலு. எப்ப போனா?” என்று கேட்டாள். இல்லை அக்கா, உயிரோடுதான் இருக்கிறாள் என்றேன். என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் லயம் முழுதும் நீ செத்தவள் ஆகிவிட்டாய்.

இன்னொன்று. மழைக்காலத்தில் ஒரு வீட்டில் டேப் ரெக்கார்டரின் பாட்டரி செல் தீர்ந்துகொண்டே வந்தது. நாடா மெதுவாக ஓடி, உன் குரல் இறங்கி இறங்கி, ஆழத்திலிருந்து வருவது போல ஆகிவிட்டது. நான் நிறுத்தப் போனேன். கூட்டம் விடவில்லை. இப்போது எல்லோரும் அந்த மெதுவான பாட்டைத்தான் கேட்கிறார்கள். அதனால் பழைய செல்லையே போடுகிறேன். நம் வகுப்பில் யாராவது இப்படிச் சுருதி இறங்கினால் பிரம்பு பறந்திருக்கும்.

தொழில் நன்றாக நடக்கிறது. மூணாறு பக்கத்திலிருந்தும் ஆள் வருகிறது. தாலாட்டைப் பிணத்துக்குப் போட்டாய் என்று எழுதியிருந்தாய். யோசித்துப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் தூங்கவைப்பதுதானே வேலை?

பிலோமி


கொல்லங்கோடு
16-10-1977

அன்புள்ள பிலோமிக்கு,

சண்டை போட எழுதவில்லை. ஒரு சந்தேகம் கேட்க எழுதுகிறேன்.

பாடுகிறவளுக்குச் சுருதி என்பது அவளுடைய உயரம் மாதிரி. வளர்ந்து நின்ற பிறகு ஒரே மாதத்தில் யாரும் குட்டையாகிப் போவதில்லை. நான் ஐந்தரைக் கட்டை என்பது உனக்குத் தெரியும். ஆவணி கடைசியில் ஒரு நாள் காலை சுருதிப் பெட்டியை வைத்து உட்கார்ந்தேன். ஐந்தரையில் குரல் சேரவில்லை. ஐந்தில் சேர்ந்தது. சளி என்று நினைத்தேன். புரட்டாசியில் நாலரை. இப்போது நாலு. தொண்டையில் வலி இல்லை, புண் இல்லை. வைத்தியர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான தொண்டையை நான் பார்த்ததில்லை என்றார். கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி இறங்கிக்கொண்டே போகிறது. கயிறு யார் கையில் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

உன் கடிதத்தில் செல் தீர்ந்த கதையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஆனாலும் கேட்கிறேன். எந்தெந்த நாளில் போட்டாய்?

இன்னொன்றும் இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சில நாள், திடீரென்று நாக்கில் காப்பி ருசி வருகிறது. எங்கள் வீட்டுக் காப்பி இல்லை. நாங்கள் சீனி போடுகிறவர்கள். இது வெல்லம் போட்ட காப்பி, சுக்கு தட்டிப் போட்டது. வாய் நிறைய வருகிறது. நான் எதையும் குடித்திருக்க மாட்டேன்.

தேர்வு டிசம்பர் பதினாலாம் தேதி காலையில். கடிதம் வந்துவிட்டது. ஐயன் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.

பழனாத்தாள்


மறையூர்
5-11-1977

அன்புள்ள பழனா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

உனக்கு நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. பாட்டுப் போடும்போது மாரித்தாய் அக்கா குழாய்க்கு முன்னால் ஒரு தம்ளர் காப்பி வைப்பாள். மறையூர் வெல்லமும் சுக்கும் போட்ட காப்பி. “தொண்ட காயப் பாடுது பிள்ள, யாரு குடுப்பா அதுக்கு?” என்பாள். இதை எழுதினால் நீ வருத்தப்படுவாய் என்று விட்டேன். உனக்கு எப்படித் தெரியும், பழனா?

நீ கேட்ட நாட்களை எழுதிப் பயனில்லை. ஆவணிக் கடைசி, புரட்டாசி, எல்லாம் நீ சொன்ன கணக்குத்தான்.

இதை நிறுத்தியாக வேண்டும் என்று, சத்தியத்தை மீறி உண்மையைச் சொல்லிவிட்டேன். தண்ணீர்க் குழாயடியில் எல்லோரும் நிற்கும்போது, பாடுகிறவள் பேர் பழனாத்தாள், ஊர் கொல்லங்கோடு, என் சிநேகிதி, நெல் வயல் நடுவே நன்றாக இருக்கிறாள் என்று உரக்கச் சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள். யாரும் என்னை மறுக்கவில்லை. பிள்ளையை இழந்தவள் ஏதேதோ பேசும்போது எதிரே இருப்பவர்கள் எப்படி உம் கொட்டுவார்களோ, அப்படிக் கொட்டினார்கள்.

அதன் பலன் இரண்டாம் தேதி தெரிந்தது. அன்று கல்லறைத் திருநாள். எங்கள் கல்லறை மேட்டில் மேல் பக்கம் வேதக்காரர், கீழ்ப் பக்கம் மற்றவர். அம்மாவோடு மெழுகுவத்தி ஏற்றப் போனேன். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் புதிதாக ஒரு மண் மேடு. சின்னது. மேலே சாமந்திப் பூ. ஒரு மெழுகுவத்தியும் ஒரு கட்டிக் கற்பூரமும் எரிந்துகொண்டிருந்தன. இது யாருக்கு என்று கேட்டேன். மாரித்தாய் அக்கா சொன்னாள்: “நீதானே பேரு சொன்ன? பதினாறு கழிஞ்சாத்தானே பேரு சொல்லுவாக. இனி அதுக்கும் ஒரு எடம் வேணும்லா?”

பேரை மறைத்தபோது செத்தவளாக்கினார்கள். பேரைச் சொன்னதும் அடக்கமே செய்துவிட்டார்கள்.

கேசட்டைத் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன். இனி போட மாட்டேன். உன் குரல் உனக்குத் திரும்பட்டும்.

பிலோமி


கொல்லங்கோடு
20-11-1977

பிலோமி,

நீ பூட்டியதும் குரல் போய்விட்டது.

பேச வருகிறது. பாட வரவில்லை. ‘ஸ’ என்று வாய் திறந்தால் காற்றுதான் வருகிறது. சீவாளி இல்லாத நாதசுரத்தை ஊதுவது மாதிரி. பக்கத்து அறையில் ஐயன் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். சுருதிப் பெட்டி மட்டும் பாடுகிறது. மாமன் நேற்று வந்து, மில்லில் மேசை போட்டாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் வியாழக்கிழமை மாலை, விளக்கேற்றும் நேரத்தில், திடீரென்று வெல்லக் காப்பி ருசி வந்தது. ஓடிப்போய்ப் பாயில் உட்கார்ந்தேன். குரல் வந்தது. தாழ்ந்துதான் வந்தது. ஆனால் அது மாதிரி நான் பாடியதே இல்லை. கருப்பாத்தாள் பால் கொடுக்க வந்தவள் செம்போடு வாசலிலேயே நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம். அப்புறம் யாரோ திறந்த கதவைச் சாத்தினது மாதிரி நின்றுபோய்விட்டது.

வியாழக்கிழமை நீ போட்டாய். போட்டாயா, இல்லையா?

போட்டாய் என்றால், டிசம்பர் பதினாலு காலை பத்து மணிக்கும் போடு.

பழனாத்தாள்


மறையூர்
28-11-1977

பழனா,

போட்டேன். எங்கள் லயத்துச் சாந்தம்மாளின் புருஷனை அந்த வியாழக்கிழமைதான் அடக்கம் செய்தோம். அந்தப் பிள்ளை பாடாமல் அவரை எப்படி அனுப்புவது என்று சாந்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டியைத் திறந்துவிட்டேன்.

பதினாலாம் தேதி போடு என்கிறாய். எப்படிப் போடுவேன்? சாவு இல்லாமல் அந்தப் பாட்டைப் போட்டால், அது ஒரு சாவைக் கூப்பிடுகிற பாட்டு ஆகிவிடும் என்று இங்கே ஆகிவிட்டது. ஒரு நாள் கேசட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கை தவறிப் பொத்தான் அமுங்கி, ஒரே ஒரு மூச்சளவுதான் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டில் பிள்ளைகளை உள்ளே அள்ளிப் போட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

அதைவிட மோசமானது ஒன்று சொல்கிறேன். கீழ் லயத்தில் குருவம்மாள் அக்கா படுத்த படுக்கையாக இருக்கிறாள். உன் கடிதம் வந்த நாளிலிருந்து தினமும் காலையில் அவளைப் பார்க்கப் போகிறேன். கஞ்சி கொடுக்கிறேன், தலை வாரிவிடுகிறேன். என்ன பாசம் என்று ஊரே மெச்சுகிறது. நேற்று அவள் மூச்சை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எதற்காக எண்ணுகிறேன் என்று எனக்கே தெரிந்தபோது, கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நான் இப்படி ஆகிவிட்டேன், பழனா. இந்தத் தொழில் இதைச் செய்யும் என்று எந்தப் பாடத்திலும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிலோமி


கொல்லங்கோடு
6-12-1977

அன்புள்ள பிலோமி,

குருவம்மாள் அக்காவை விட்டு விலகு. யாருடைய சாவுக்கும் நீ காத்திருக்க வேண்டாம்.

அங்கே ஒரு சாவு ஏற்கெனவே இருக்கிறது. மேட்டின் நடுவில், பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, எல்லா மரியாதையோடும் இருக்கிறது. அந்த வீட்டுக்கு மட்டும் இன்னும் யாரும் பாட்டுப் போடவில்லை. அங்கே போய்ப் போடு.

நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். அந்த மலையில் நான் செத்தவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். இந்த ஊரில் பாட வேண்டும்.

பதினாலு, காலை பத்து.

பழனாத்தாள்


மறையூர்
15-12-1977

அன்புள்ள பழனா,

போட்டாகிவிட்டது.

அண்ணன் மைக் செட்டைத் தூக்க மறுத்துவிட்டான். டேப் ரெக்கார்டரை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு நானே போனேன். புது செல் வாங்கினேன். பாட்டு உன் சொந்த உயரத்துக்கு வரட்டும் என்று நினைத்தேன்.

யாருக்கும் சொல்லவில்லை. ஆனாலும் வந்திருந்தார்கள். அன்று வேலை நாள், பழனா. கொழுந்துக் கூடையை முதுகில் போட்டபடியே வந்து, மேட்டைச் சுற்றி நின்றார்கள். அழவில்லை. பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி நின்றார்கள். மாரித்தாய் அக்கா மெழுகுவத்தி ஏற்றி, காப்பியை மண்ணின் மேல் வைத்தாள். ஆவி பறந்தது.

பத்து மணிக்குப் பொத்தானை அழுத்தினேன். ஐந்தரைக் கட்டையில் உன் குரல் எழுந்தது. மெதுவான பாட்டையே கேட்டுப் பழகிய கூட்டம் திடுக்கிட்டு நிமிர்ந்தது. “பிள்ளைக்கி வயசு கொறஞ்சு போச்சே,” என்றாள் அக்கா. நீ மேல் ஷட்ஜத்தைப் பிடித்தபோது காற்று இல்லை. ஆனாலும் சுற்றி நட்டிருந்த சாமந்திப் பூ ஒவ்வொன்றாக உன் பக்கம், அதாவது மேட்டின் பக்கம், சாய்ந்தது. நான் பார்த்ததை எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உன்னிஷ்டம்.

முடிந்ததும் தம்ளரைப் பார்த்தேன். காலியாக இருந்தது. மண் ஈரமாகவில்லை.

மாலையில் குருவம்மாள் அக்கா எழுந்து உட்கார்ந்து ரசம் கேட்டாளாம். அவளுக்குப் பதிலாகத்தான் நீ போனாய் என்று பேசிக்கொள்கிறார்கள்.

உனக்கு என்ன ஆனது? உடனே எழுது. உன் கையெழுத்தைப் பார்க்க வேண்டும்.

பிலோமி


கொல்லங்கோடு
5-3-1978

அன்புள்ள பிலோமிக்கு,

உடனே எழுதாததற்கு மன்னித்துவிடு. முடிவு தெரிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். நேற்று வந்தது. தேறிவிட்டேன்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர்களை நாம் பார்க்க முடியாது. அவர்களும் நம்மைப் பார்ப்பதில்லை. யார் பாடுகிறார் என்று அவர்களுக்குத் தெரியக் கூடாதாம். பேருக்குப் பதில் ஒரு எண் கொடுத்தார்கள். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன்னிடம் நான் வாங்கிய சத்தியத்தை அங்கே சட்டமாகவே வைத்திருக்கிறார்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. வாய் திறந்தேன். காற்று. தம்புராக்காரர் என்னைப் பார்த்தார். மில்லில் போட்டிருக்கிற மேசை கண் முன்னால் வந்தது. அப்போது நாக்கின் நுனியில் வெல்லம் பட்டது. அப்புறம் சுக்கு. பிறகு குரல் வந்தது, பிலோமி, என் சொந்த உயரத்தில். பாடி முடித்துக் கண் திறந்தபோது என் கால்விரல் எல்லாம் ஈர மண் பட்டது போலக் குளிர்ந்திருந்தது. உன் கடிதம் கையில் கிடைப்பதற்கு முன்பே மெழுகுவத்தி வாசனை எனக்குத் தெரியும்.

ஐயன் கடைவீதியில் அறை பார்த்துவிட்டார். போர்டு எழுதக் கொடுத்திருக்கிறார். “மில்லு மேசைய வகுப்புக்கே தூக்கியாந்துரலாம் அம்மிணி,” என்கிறார். அடுத்த மாதம் முதல் ஒலிபரப்பு. சித்திரையில் இரண்டு கல்யாணக் கச்சேரி ஒப்புக்கொண்டிருக்கிறேன். தேதிகளைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஏனென்றால் அந்தப் பதினாலாம் தேதிக்குப் பிறகு இன்றுவரை வாய் திறந்தால் காற்றுதான். நீ போட்டால்தான் வரும் என்று இருவருக்கும் தெரியும். அதைச் சுற்றி வளைத்து எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். மேட்டில்தான் போட வேண்டும். புது செல்தான் போட வேண்டும்.

என் பேரைச் சொல்லாதே என்றேன். அது என் தப்பு. ஒரு பலகை செய்து, மேட்டின் தலைமாட்டில் நட்டு வை. பழனாத்தாள், கொல்லங்கோடு என்று பெரிய எழுத்தில் எழுதச் சொல். மழையில் அழியாத மையாக இருக்கட்டும். பாட்டுக்கு எங்கே வர வேண்டும் என்று குழப்பம் வரக் கூடாது.

கூட்டாகத் தொழில் செய்யலாம் வா என்று கூப்பிட்டாய். மாட்டுக்கா பாடுவது என்று கேட்டேன். இப்போது வந்துவிட்டேன். பாதிப் பாதி என்று நீ சொன்னதற்கும் சம்மதம்.

உன் கூட்டாளி,
பழனாத்தாள்

பி.கு.: மாரித்தாய் அக்காவிடம் காப்பிக்குச் சுக்கைக் கொஞ்சம் குறைக்கச் சொல். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது காரம் தொண்டையில் நிற்கிறது.